ஒரு நாள் கருத்தரங்கும் ஒரு கூகுள் ஷீட்டும்: சில ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

திருச்சியில் எங்கள் கட்டடப் பொறியாளர்கள் சங்கம் ஆண்டுக்கு ஒரு முறை ஒரு நாள் கருத்தரங்கு நடத்துகிறது. சுமார் முந்நூறு பேர் வருவார்கள். நான்கைந்து உரைகள், சிமென்ட், கம்பி, டைல்ஸ் கம்பெனிகளின் ஸ்டால்கள், மதியச் சாப்பாடு, கடைசியில் சான்றிதழ். கொரோனா வரும் வரை எல்லாக் கணக்கும் ஒரு நோட்டிலும் செயலாளரின் போனிலும் இருந்தன. அப்புறம்தான் பதிவுக்கு கூகுள் ஃபார்ம், மற்ற எல்லாவற்றுக்கும் கூகுள் ஷீட், தகவல் சொல்ல வாட்ஸ்அப் என்று மாறினோம். இந்த அளவு நிகழ்ச்சிக்குக் காசு கொடுத்து எந்தச் செயலியும் வாங்க வேண்டியதில்லை என்று உறுதியாகச் சொல்வேன், ஃபார்மில் கேள்விகளை யோசித்துக் கேட்டால்.

பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 'பெயர்' என்று ஒரே கட்டம் வைத்தால் ஒருவர் எஸ். குமார் என்று எழுதுவார், இன்னொருவர் குமார் எஸ் என்பார், மற்றொருவர் இன்ஜினியர் என்று போட்டுத்தான் தொடங்குவார். அகர வரிசையில் அடுக்கினால் பாதிப் பேர் இனிஷியலில் போய் நிற்பார்கள். காலை ஒன்பதரை மணிக்கு வரவேற்பு மேசையில் கூட்டம் நெருக்கும்போது, "சார், உங்க பேரு எந்த எழுத்துல இருக்கும்?" என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது. இனிஷியலுக்குத் தனிக் கட்டம் வையுங்கள். அதைவிட நல்ல வழி, மேசையில் பெயரே கேட்காமல் மொபைல் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைக் கேட்பது. ஷீட்டில் அதற்கு ஒரு தனி நெடுவரிசை போட்டு, அதன்படி வரிசைப்படுத்தி, அச்சடித்த தாளை மேசைக்கு ஒன்றாக வைத்துவிடுகிறோம். மண்டபத்தில் நெட் கிடைக்குமா என்ற கவலையும் இல்லை. வருபவர் நான்கு இலக்கம் சொல்வார், பையன் விரலை ஓட்டி டிக் அடிப்பான், பேட்ஜ் கைக்கு வந்துவிடும்.

அடுத்தது பணம். கூகுள் ஃபார்மிலேயே பணம் கட்டும் வசதி கிடையாது. சங்கக் கணக்கின் யுபிஐ க்யூஆர் படத்தை ஃபார்மில் வைத்து, பணம் கட்டிய பிறகு பரிவர்த்தனை எண்ணை எழுதச் சொல்கிறோம். ஸ்கிரீன்ஷாட் கேட்காதீர்கள். ஃபைல் ஏற்றும் கேள்வி இருந்தால் கூகுள் கணக்கில் நுழைந்தாக வேண்டும். மூத்த பொறியாளர்கள் பலர் அந்த இடத்திலேயே ஃபார்மை மூடிவிட்டு நமக்குப் போன் போடுவார்கள். வந்த படங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும். யுபிஐ பரிவர்த்தனை எண் 12 இலக்கம். சிலர் க்யூஆரை விட்டு வங்கிக் கணக்கிலிருந்தே அனுப்புவார்கள்; அது நெஃப்ட் என்றால் 16, ஆர்டிஜிஎஸ் என்றால் 22 எழுத்துகள். அதனால் குறைந்தது 12 என்று நிபந்தனை வைத்தால் போதும், அரைகுறை எண்கள் வராது.

வங்கி அறிக்கையை இறக்கி ஷீட்டில் இன்னொரு பக்கத்தில் ஒட்டுவோம். அதில் இந்த எண் ஒரு நீண்ட விவரத்தின் நடுவே மாட்டிக்கொண்டிருக்கும். ஒன்று எத்தனை முறை வருகிறது என்று எண்ணிச் சொல்லும் கவுன்ட்இஃப் சூத்திரத்தில் பரிவர்த்தனை எண்ணின் இரு பக்கமும் நட்சத்திரக் குறி போட்டால் பிடித்துக் கொடுத்துவிடும். ஒரே அலுவலகத்தில் நான்கு பேருக்குச் சேர்த்து ஒருவர் கட்டுவது வழக்கம் என்பதால், 'இந்தத் தொகை எத்தனை பேருக்கு?' என்ற கேள்வியும் கட்டாயம் வேண்டும். பில்லில் போட வேண்டிய ஜிஎஸ்டி எண்ணையும் அப்போதே வாங்கிவிடுங்கள். 15 எழுத்துகள் என்று நிபந்தனை. நம் மாநில எண் என்றால் 33-இல் தொடங்கும். பில்லை மாற்றிக் கொடுங்கள் என்று கருத்தரங்கு முடிந்து ஒரு மாதம் வரை வந்துகொண்டிருந்த போன்கள் இதனாலேயே நின்றன. எங்கள் பொருளாளர் இந்த முறையை விட்டு வேறெதற்கும் மாற மாட்டார்.

நாள் பார்ப்பதற்கு ஷீட் எதுவும் செய்யாது, காலண்டர்தான். முகூர்த்த நாளில் மண்டபம் கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை ஏறியிருக்கும். ஆடியில் கல்யாணம் இல்லை என்பதால் நாங்கள் ஆடி சனிக்கிழமையாகப் பார்க்கிறோம். சமையல்காரர், மைக் செட்காரர் எல்லாரும் கையில் வேலை குறைவாக இருக்கும் மாதம் அது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் வெளியூர்க்காரர்களை அழைக்காதீர்கள்.

ஷீட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்தது நிமிடப் பக்கம். இடது பக்கம் நிகழ்ச்சி, அடுத்து எத்தனை நிமிடம், அடுத்து தொடங்கும் நேரம். தொடங்கும் நேரத்தைக் கையால் எழுதுவதில்லை. முந்தைய வரியின் நேரத்தோடு அதன் நிமிடத்தைக் கூட்டும் சூத்திரம்தான். ஒன்றை மாற்றினால் கீழே உள்ள அத்தனையும் நகரும். தமிழ்த்தாய் வாழ்த்துக்கு 55 நொடி என்று 2021 அரசாணையே சொல்கிறது, அதற்கு ஒரு நிமிடம் போட்டோம். குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை என்று இறங்கி, பொன்னாடைக்கு வந்தோம். ஒருவரை அழைத்து, அவர் எழுந்து வந்து, போர்த்தி, போட்டோ எடுத்து, திரும்பிப் போக ஒன்றரை நிமிடமாவது ஆகும். எட்டுப் பேருக்கு 12 நிமிடம். அந்த 12-ஐ கட்டத்தில் போட்டதும் டீ இடைவேளை நகர்ந்தது, அஸ்திவாரம் பற்றிய முக்கிய உரை பந்திக்குப் பின்னால் போய்விட்டது. தலைவர் திரையைப் பார்த்துவிட்டு, "பொன்னாடையை டீ நேரத்துல ஸ்டால் பக்கத்துலயே வச்சுக்கலாம்ப்பா" என்றார். யாரும் யாரிடமும் வாதாடவில்லை. மரியாதை சம்பந்தப்பட்ட விஷயத்தை வாயால் சொன்னால் மனவருத்தம்தான் மிஞ்சும். ஷீட்டில் தெரிந்தால் அவரவரே ஒத்துக்கொள்கிறார்கள்.

பந்தியும் அப்படித்தான். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு நேரத்தில் நூறு பேர்தான் உட்கார முடியும் என்றால் முந்நூறு பேருக்கு மூன்று பந்தி. இலை போட்டு, பரிமாறி, எடுத்து, துடைக்க அரை மணி. ஆக மதியத்துக்கு ஒன்றரை மணி நேரம் வேண்டும், அழைப்பிதழில் 45 நிமிடம் என்று போட்டுப் பயனில்லை. பேட்ஜின் நிறத்தை வைத்துப் பந்தியைப் பிரித்துவிட்டோம். தன் முறைக்குக் காத்திருப்பவர்கள் ஸ்டால்களைச் சுற்றுகிறார்கள். ஸ்டால் போட்ட கம்பெனிகளுக்கு அது ரொம்பத் திருப்தி.

குறைகளும் உண்டு. ஷீட்டில் ஒருவர் சாதாரண ஃபில்டர் போட்டால் மற்றவர்களுக்கும் அதே வடிகட்டிய பட்டியல்தான் தெரியும். "என் ஆளுங்க பேரெல்லாம் காணோம்" என்று பதற்றமாகப் போன் வரும். அவரவர் திரையில் மட்டும் வடிகட்டிக் காட்டும் 'ஃபில்டர் வியூ' பயன்படுத்தக் குழுவில் எல்லாருக்கும் சொல்லிக் கொடுங்கள். இன்னொன்று இதைவிட ஆபத்தானது. பதிவுப் பட்டியலைச் சூத்திரம் மூலம் வேறு பக்கத்துக்கு இழுத்து, அதன் அருகில் கையால் குறிப்பு எழுதினால், பட்டியல் வரிசை மாறும்போது குறிப்பு மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். ஒருவருக்கு எழுதிய 'பணம் வரவில்லை' இன்னொருவர் பெயருக்கு நேராக வந்துவிடும். கைக்குறிப்பை எப்போதும் மூலப் பட்டியலிலேயே எழுதுங்கள். யாராவது எதையாவது அழித்துவிட்டால் 'வெர்ஷன் ஹிஸ்டரி'யில் பழைய நிலைக்குப் போய்விடலாம், அந்த நிம்மதி நோட்டில் இல்லை. இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம் என்று மட்டும் ஷீட்டைத் திறந்து வைக்காதீர்கள். முந்நூறு பேரின் போன் எண் அதில் இருக்கிறது.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் 256 பேர் வரை என்றாலும், நம் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் போய்ச் சேரும். அதனால் அட்மின் மட்டும் எழுதக்கூடிய குரூப்தான் எங்களுக்குச் சரிப்பட்டது. பேச்சாளர்களுக்கு அதெல்லாம் போதாது, முந்தைய நாள் ஒரு போன் போட்டே ஆக வேண்டும்.

பேட்ஜ் அச்சடிக்கும்போது பெயர்ப் பட்டியலை வேர்ட் ஃபைலாக அச்சகத்துக்குக் கொடுக்காதீர்கள். பழைய மென்பொருளில் யூனிகோட் தமிழைத் திறந்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். முழுதாக வடிவமைத்த பிடிஎஃப்பாகக் கொடுத்தால் கொடுத்தபடியே வரும்.

சான்றிதழை இப்போது மேடையில் தருவதில்லை. வருகை டிக் ஆன பெயர்களுக்கு மட்டும் பிடிஎஃப் உருவாக்கி, ஷீட்டிலிருந்தே ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரல் மூலம் மின்னஞ்சலில் அனுப்புகிறோம். இலவசக் கணக்கில் இப்படி ஒரு நாளைக்கு 100 பேருக்குத்தான் அனுப்ப முடியும். முந்நூறு பேருக்கு மூன்று நாள் ஆகும் என்பதை நன்றியுரையிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அன்று இரவே போன் வரத் தொடங்கும்.