சந்தியாகோ நடை: கூடாரமா, அல்பெர்கே கட்டிலா?

ஸ்பெயினின் வடமேற்கில் இருக்கும் கிறிஸ்தவ யாத்திரைத் தலமான சந்தியாகோ தெ கொம்போஸ்தெலாவுக்கு நடக்கத் தயாராகிறவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள். கூடாரத்தை முதுகில் சுமப்பதா, வழிநெடுக இருக்கும் அல்பெர்கே என்ற யாத்ரீகர் விடுதிகளை நம்பிக் கிளம்புவதா? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரான்சில் நடக்கும்வரை கூடாரம். பிரெனே மலையைத் தாண்டி ஸ்பெயினில் இறங்கியதும் அல்பெர்கே. எல்லையில் பதில் மாறுவதற்குச் சட்டம் ஒரு காரணம், ஊர்கள் அமைந்திருக்கும் விதம் இன்னொரு காரணம்.

முதலில் எடை. ஒருவர் படுக்கும் இலகுவான கூடாரம் ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ வரை இருக்கும். அதோடு விரிக்கும் பாய் அரைக் கிலோ, வெட்டவெளிக் குளிருக்குத் தாங்கும் ஸ்லீப்பிங் பேக், சின்ன அடுப்பு, பாத்திரம் என்று சேர்த்தால் கூடுதலாக மூன்று கிலோ வரை வந்துவிடும். மூட்டை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது இந்த வழியில் பலரும் சொல்லும் கணக்கு. 65 கிலோ எடையுள்ளவருக்கு ஆறரைக் கிலோதான் வரம்பு; அதில் ஏறக்குறைய பாதியைக் கூடாரமே எடுத்துக்கொள்ளும். பிரெஞ்சு எல்லை ஊரான சென் ஜான் பியே தெ போரிலிருந்து கிளம்பும் முதல் நாளே சுமார் 25 கி.மீ. தூரமும் 1,200 மீட்டருக்கு மேல் ஏற்றமும் உண்டு. ஏற்றத்தில் முழங்கால் தாங்கிவிட்டாலும், அன்றைய நடை முடியும் ஸ்பானிய ஊரான ரொன்செஸ்வயேஸை நோக்கிய செங்குத்தான இறக்கத்தில் அந்த மூன்று கிலோ தன் கணக்கைக் கேட்கும்.

இதையும் தாங்கிக்கொள்ளலாம், கூடாரம் போட இடம் கிடைத்தால். ஸ்பெயினில் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. சென் ஜானிலிருந்து சந்தியாகோவரை செல்லும் 'கமினோ ஃப்ரான்செஸ்' என்ற இந்தப் புகழ்பெற்ற 780 கி.மீ. வழி நவார்ரா, லா ரியோகா, காஸ்தில்லா இ லெயோன், கலீசியா ஆகிய நான்கு தன்னாட்சிப் பகுதிகளைக் கடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனி விதி இருந்தாலும், அனுமதியின்றி வெட்டவெளியில் கூடாரம் அடிப்பது பொதுவாகத் தடை; பிடிபட்டால் அபராதம். கோடையில் நெருப்புப் பயமும் சேர்ந்துகொள்கிறது. 2025 ஆகஸ்டில் அஸ்தோர்காவுக்கும் பொன்ஃபெர்ராதாவுக்கும் நடுவே காட்டுத்தீயால் பாதையையே மூட வேண்டியிருந்தது. அறுவடை முடிந்து காய்ந்து கிடக்கும் கோதுமைத் தாள் நடுவே ஒருவர் அடுப்பு மூட்டினால் ஊர்க்காரர்கள் கோபப்படுவது நியாயம்தான்.

கட்டணம் வாங்கும் கூடாரத் திடல்களுக்குப் போகலாமே என்பீர்கள். இருக்கின்றன; ஆனால் பெரும்பாலும் காரில் வருகிறவர்களை மனத்தில் வைத்து அமைந்தவை. பாதையை விட்டு விலகிப் போய்த் திரும்ப வேண்டியிருக்கும். நாள் முழுக்க நடந்த காலுக்கு அந்தக் கூடுதல் தூரம் பெரிய தண்டனை. புர்கோஸுக்கும் லெயோனுக்கும் இடையில் வரும் மெசெத்தா மேட்டுநிலம் மரநிழலே அரிதான வயல்வெளி. அதில் கரியோன் தெ லோஸ் கோந்தெஸ் தாண்டினால் சுமார் 17 கி.மீ. வரை ஒரு ஊரும் கிடையாது. இங்கே கூடாரம் வைத்திருப்பவருக்கும் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்பதுதான் கேள்வி. தண்ணீர் ஊரில் இருக்கிறது, ஊரில் அல்பெர்கேயும் இருக்கிறது.

செலவைப் பார்த்தாலும் ஸ்பெயினில் கூடாரம் தோற்கிறது. ஊராட்சியோ திருச்சபையோ நடத்தும் அல்பெர்கேயில் ஒரு கட்டில் சுமார் 10 யூரோ. தனியார் இடங்களில் 15 முதல் 20 வரை. சில இடங்களில் இயன்ற காணிக்கை மட்டும்தான். முப்பத்துமூன்று இரவுகளுக்கு ஊராட்சிக் கட்டில்களாகவே பார்த்தால் 330 யூரோ. நல்ல இலகுவான கூடாரமும் பாயும் வாங்கவே அந்தத் தொகை போய்விடும். திடல் கட்டணம் தனி.

அல்பெர்கேயின் குறைகளை மறைக்க விரும்பவில்லை. அடுக்குக் கட்டில், சுற்றிலும் குறட்டை, அவ்வப்போது மூட்டைப்பூச்சி. இரவு பத்து மணிக்குக் கதவைச் சாத்துவார்கள், காலை எட்டுக்குள் வெளியேற வேண்டும், பொதுவாக ஒரே இரவுதான் தங்கலாம். ஊராட்சி விடுதிகள் பலவற்றில் முன்பதிவு இல்லை என்பதால், கோடையில் கட்டிலுக்காக விடியுமுன்னே ஓடுகிறவர்களைப் பார்க்கலாம். 2024-இல் ஏறத்தாழ 5 லட்சம் பேர் யாத்திரைச் சான்றிதழ் வாங்கியிருக்கிறார்கள். அதற்குக் கடைசி 100 கி.மீ. நடந்தால் போதும் என்பதால், ஏறக்குறைய அந்தத் தூரத்தில் இருக்கும் சாரியா என்ற ஊரிலிருந்து கூட்டம் பெருகிவிடும். அந்த நெரிசலில் தனிமை தேடுகிறவருக்குக் கூடாரத்தின் மேல் ஆசை வருவது இயல்பு.

ஆனாலும் கிரான்யோன் என்ற சிற்றூரை நினைத்துப் பாருங்கள். தேவாலயத்தோடு ஒட்டிய தங்குமிடத்தில் தரையில் பாய் விரித்துப் படுக்கை. வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து சமைத்து ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். இயன்றதைப் போடு, தேவையானதை எடுத்துக்கொள் என்பதுதான் அங்குள்ள காணிக்கைப் பெட்டியின் விதி. கரியோனில் அகுஸ்தீன் சபைக் கன்னியாஸ்திரீகள் யாத்ரீகர்களோடு அமர்ந்து பாடுகிறார்கள். பல நூற்றாண்டுகளாக வழிப்போக்கரை ஏற்றுப் பழகிய ஊர்கள் இவை. அந்த வரவேற்பைத் தாண்டிப் போய் ஊருக்கு வெளியே ஒளிந்து படுப்பவர், இந்த நடையின் முக்கால் பங்கை இழக்கிறார் என்றே நினைக்கிறேன்.

பிரான்சில் கதையே வேறு. லெ புய் என்ற பிரெஞ்சு ஊரில் தொடங்கி கோங்க், காவோர், முவாசாக் வழியாக எல்லைவரை வரும் ஜி.ஆர். 65 என்ற நெடுந்தூர நடைபாதை 700 கி.மீ.க்கு மேல் நீளம். இங்குள்ள ழீத் விடுதிகளில் கட்டிலும் இரவுச் சாப்பாடும் காலை உணவும் சேர்த்துப் பெரும்பாலும் 40 யூரோவைத் தாண்டும். கட்டில்களும் குறைவு, மே, செப்டம்பர் மாதங்களில் பல நாள் முன்னதாகவே தொலைபேசியில் சொல்லி வைக்க வேண்டும். இன்றைக்குக் கால் எவ்வளவு தூரம் ஒத்துழைக்கும் என்று தெரியாமல் மூன்று நாள் கழித்து எங்கே தூங்குவது என்று தீர்மானிப்பது பெரிய பாரம். அந்தப் பாரத்தைக் கூடாரம் இறக்கி வைக்கிறது. பல சிற்றூர்களில் ஊராட்சியே நடத்தும் திடல் இருக்கிறது. வெந்நீர்க் குளியலோடு மலிவாகத் தங்கலாம். சில ழீத்களிலும் தோட்டத்தில் கூடாரம் போட விடுகிறார்கள், விருப்பமிருந்தால் சாப்பாட்டு மேசையிலும் சேர்ந்துகொள்ளலாம். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான். தனியார் நிலமானால் உரிமையாளரிடம் கேட்டுவிட்டே போட வேண்டும். திடல்கள் பல கோடைப் பருவத்தில் மட்டுமே திறந்திருக்கும் என்பதையும் கவனியுங்கள்.

இந்தியக் கடவுச்சீட்டில் வருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிடச் சான்று கேட்பார்கள். கூடாரத்தில் படுப்பேன் என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் அது சான்றாகாது. சில இரவுகளுக்காவது பதிவு செய்து கையில் வைத்திருங்கள்.

லெ புய்யிலிருந்தே முழு வழியையும் நடப்பவர்கள், ஸ்பெயினுக்குள் வரும் முதல் பெரிய நகரமான பம்ப்லோனாவை அடைந்ததும் கூடாரத்தையும் அடுப்பையும் அஞ்சலில் சந்தியாகோவுக்கு அனுப்பிவிடலாம். ஸ்பெயின் அஞ்சல் துறை இதை யாத்ரீகர்களுக்கான தனிச் சேவையாகவே செய்கிறது. பாயை மட்டும் அனுப்பாதீர்கள். கோடையில் கட்டில்கள் நிரம்பிய ஊர்களில் சில நேரம் விளையாட்டுக் கூடத்தைத் திறந்துவிடுவார்கள். அங்கே கிடைப்பது வெறும் தரைதான்.