செடோனாவா, ஸயானா, வாடி ரம்மா? மழைக்கு மலைய விட்டு கிளம்புறவங்களுக்கு ஒரு அலசல்

கோத்தகிரி குன்னூர் பக்கம் இருக்குறவங்களுக்கு அக்டோபர் நவம்பர் எப்படி இருக்கும்னு நான் சொல்லத் தேவையில்ல. வடகிழக்கு மழை பிடிச்சா துணி காயாது, மேட்டுப்பாளையம் ரோட்டுல எங்கயாச்சும் மண்ணு சரியும், மலை ரயில் கேன்சல் ஆகும். கரெக்டா அந்த நேரத்துலதான் அமெரிக்காவுல இருக்குற புள்ளைங்க போன் போட்டு "இங்க இப்பதான் கிளைமேட் நல்லாருக்கு, கிளம்பி வாங்க"ன்னு சொல்லுவாங்க. போறதுதான் போறோம், செவப்புப் பாறை பாலைவனம் ஒண்ணு பாத்துட்டு வரலாம்னு நினைச்சா எங்க போறதுன்னு குழப்பம். எங்க அக்கா அரிசோனாவுல சாண்ட்லர்ல இருக்கறதால அப்பா அம்மாவோட அதே மாநிலத்துல இருக்குற செடோனாவும் பக்கத்து யூட்டா மாநிலத்து ஸயானும் பாத்தாச்சு, துபாய்ல வேலை செய்யற என் ஃப்ரெண்டு குடும்பத்தோட ஜோர்டான்ல வாடி ரம் போயிட்டு வந்து கதை கதையா சொன்னான். இந்த மூணையும் வச்சுதான் பேசப் போறேன்.

எல்லாரும் முதல்ல கேக்குறது உசரம், குளிர், மூச்சு வாங்குமா. இத நம்ம ஊர்க்காரங்க கேக்கவே கூடாதுங்க. செடோனா கிட்டத்தட்ட 1,300 மீட்டர், ஸயான் பள்ளத்தாக்கு அடி 1,200 சொச்சம், கோத்தகிரியே 1,800 மீட்டர் பக்கம் வருது. அக்டோபர் கடைசில செடோனாவுல பகல்ல 20க்கு மேல இருக்கும், ராத்திரி பத்து டிகிரிக்குக் கீழ போகும், நம்ம ஸ்வெட்டரே போதும். பிரச்சனை குளிர் இல்ல, ஈரமே இல்லாத காஞ்ச காத்து. உதடு வெடிக்கும், தோல் இழுக்கும், அம்மாவுக்கு மூக்குல லேசா ரத்தம் எட்டிப் பாத்துச்சு. தாகம் எடுக்கலைன்னாலும் தண்ணி குடிச்சுட்டே இருக்கணும், தேங்காய் எண்ணெய் பாட்டில் ஒண்ணு கண்டிப்பா பையில இருக்கட்டும்.

இன்னொண்ணு, பாக்குற பார்வையே மாறும். கோடநாடு வியூ பாயிண்ட்ல நாம மேல நின்னு மோயாறு பள்ளத்தாக்க கீழ பாக்குறோம். செடோனாவுலயும் ஸயான்லயும் நாம அடியில நிக்கிறோம், பாறை தலைக்கு மேல எழும்பி நிக்குது. அந்த செவப்புக்குக் காரணம் இரும்பு, துருப்பிடிச்ச இரும்பு. நம்ம தோட்டத்து மண்ணு செவப்பா இருக்குறதும் அதே இரும்பாலதான். நம்ம ஊர்ல மழை பேஞ்சு பேஞ்சு பாறைய மண்ணாக்கிருச்சு, அதுக்கு மேல தேயிலைய வச்சு மூடிட்டோம், அங்க அவ்வளவு மழை இல்லாததால கல்லு அப்படியே மேலாடை இல்லாம நிக்குது. வயசுல மட்டும் நம்மள மிஞ்ச முடியாது, நீலகிரி சார்னோகைட் பாறை சுமார் 250 கோடி வருஷம், செடோனாவோட செவப்பு 28 கோடி பக்கம், ஸயான் பாறை 18, 19 கோடி. ஸயான்ல பாறையில சாய்வா கோடு கோடா தெரியுது பாருங்க, அது அந்தக் காலத்து மணல் மேடு காத்துல நகந்த தடம்.

சரி, எது யாருக்கு? வயசானவங்க கூட வந்தா என் ஓட்டு கண்ணை மூடிட்டு செடோனாவுக்கு. ஃபீனிக்ஸ்ல இருந்து கார்ல ரெண்டு மணி நேரம், கார விட்டு இறங்காமலே பாதி அழகு தெரிஞ்சுரும். பெல் ராக் அடிவாரத்துல தட்டையா பாதை இருக்கு, முட்டி வலிக்காரங்க முடிஞ்ச மட்டும் நடந்துட்டு திரும்பலாம். சாயங்காலம் கதீட்ரல் ராக் பாறையோட பிம்பம் ஓக் கிரீக் ஓடைத் தண்ணியில விழுற இடத்துல உக்காந்தா அப்பா மாதிரி "என்னடா பாறைக்குப் போயி இவ்வளவு செலவு"ன்னு கேட்டவரும் வாயை மூடிட்டு போட்டோ எடுப்பாரு. வோர்டெக்ஸ்னு ஒண்ணு சொல்லுவாங்க, பூமியில இருந்து சக்தி சுழலுதாம், அதுக்குன்னே ஆளுங்க கண்ணை மூடி உக்காந்திருக்காங்க, எனக்கு ஒண்ணும் சுழலல.

ஆனா செடோனாவ நான் தூக்கிப் பிடிக்கறதுக்கு உண்மையான காரணம் இலை. நம்ம சோலையில இலை செவக்கும், ஆனா அது கொழுந்து, புது இலை. அங்க உதுரப் போற இலை செவக்குது, மஞ்சளாகுது, அதுவும் செவப்புப் பாறைக்கு முன்னாடி. இதுல ஒரு வசதி என்னன்னா உசரத்தப் பொறுத்து கலர் கீழ இறங்கிட்டே வரும். பக்கத்து ஊரான ஃபிளாக்ஸ்டாஃபுக்கு மேல இருக்குற மலையில ஆஸ்பென் மரம் செப்டம்பர் கடைசியில ஆரம்பிச்சு அக்டோபர் நடுவுல முடிஞ்சுரும், அப்புறம் ஓக் கிரீக் பள்ளத்தாக்குல மேப்பிள் அக்டோபர் கடைசி வரைக்கும், அதுக்கப்புறம் செடோனா ஊருக்குள்ள ஆத்தோரம் காட்டன்வுட் மரத்தோட மஞ்சள் நவம்பர்ல. லீவு எப்ப கிடைச்சாலும், டிக்கெட் எந்த வாரம் விலை கம்மியோ அந்த வாரம் போனாலும், அரை மணி ஒரு மணி மேலயோ கீழயோ கார் ஓட்டுனா ஏதோ ஒரு மரம் கலர்ல நிக்கும். ஸயான் பள்ளத்தாக்குக்குள்ள இந்த சலுகை கிடையாது, அங்க காட்டன்வுட் அக்டோபர் கடைசியில இருந்து நவம்பர் நடு வரைக்கும், அத விட்டா விட்டதுதான். மேப்பிள் பாக்கணும்னா செடோனா பக்கத்துல வெஸ்ட் ஃபோர்க்னு ஒரு பாதை, ஓடைய திரும்பத் திரும்ப கல்லு மேல தாண்டித் தாண்டி போகணும், பார்க்கிங் காலையிலயே ஃபுல் ஆயிரும், விடிய எந்திரிச்சு கிளம்புற பழக்கம் இருக்குற நம்ம பெருசுங்களுக்கு இது ஒரு விஷயமே இல்ல.

குறைன்னா விலை. அக்டோபர்ல செடோனா ரூம் வாடகை கேட்டா தலை சுத்தும், காட்டன்வுட்னே பேர் உள்ள ஊர் பக்கத்துல இருக்கு, அங்க தங்குங்க. கதீட்ரல் ராக் பார்க்கிங் வியாழன்ல இருந்து ஞாயிறு வரைக்கும் ஷட்டில் ஓடுற நாள்ல மூடிருவாங்க, ஷட்டில் ஃப்ரீதான்.

ஸயான் வேற லெவல், ஒத்துக்கறேன். 600 மீட்டர் செங்குத்துச் சுவர் ரெண்டு பக்கமும், நடுவுல வெர்ஜின் ஆறு. கால்ல தெம்பு இருக்குற பசங்க போனா செடோனாவ விட இதுதான். ஏஞ்சல்ஸ் லேண்டிங்ங்கிற பாறை உச்சிக்கு சங்கிலிய பிடிச்சு ஏறுறது, 2022ல இருந்து பர்மிட் லாட்டரியில விழுந்தாத்தான் போக முடியும். நேரோஸ்ங்கிற குறுகலான இடத்துல ஆத்துக்குள்ளயே நடக்கணும், இலையுதிர் காலத்துல தண்ணி ஐஸ் மாதிரி, வாடகைக்கு தண்ணி புகாத சூட் எடுத்தே ஆகணும். பெரியவங்களுக்கும் மோசமில்ல, உள்ள ஷட்டில் பஸ்ல உக்காந்தபடியே பள்ளத்தாக்கு முழுக்க பாக்கலாம், ரிவர்சைட் வாக் சிமெண்ட் பாதை. ஆனா சுவர் அவ்வளவு உசரமா இருக்கறதால வெயில் லேட்டா வந்து சீக்கிரம் போயிரும், நவம்பர்ல நிழல்ல நின்னா பல்லு தந்தி அடிக்கும். வெயிலுக்கு ஏங்கி மழையில இருந்து தப்பிச்சு வந்தவங்கள கொண்டுபோய் நிழல்ல நிக்க வச்ச மாதிரி ஆயிருது, அம்மா புலம்புனது இதத்தான். லாஸ் வேகாஸ்ல இருந்து ரெண்டரை மூணு மணி நேரம். அரிசோனாவுல இருந்து கார்ல வர்றவங்க ஒண்ணு கவனிங்க, அரிசோனா கடிகாரத்த மாத்தாது, யூட்டா மாத்தும், அதனால நவம்பர் முதல் ஞாயிறு வரைக்கும் ஒரு மணி நேரம் வித்தியாசம் இருக்கும்.

இப்ப முக்கியமான பண விஷயம். 2026 ஜனவரியில இருந்து அமெரிக்காவுல வசிக்காதவங்களுக்கு, ஸயான், கிராண்ட் கேன்யன், பிரைஸ் உட்பட 11 பெரிய நேஷனல் பார்க்ல ஆளுக்கு 100 டாலர் எக்ஸ்ட்ரா, 16 வயசும் அதுக்கு மேலயும். வழக்கமான என்ட்ரி கட்டணம் தனி. இல்லன்னா 250 டாலருக்கு வருஷ பாஸ். பாஸ் இல்லாம விசிட்டர் விசாவுல போற அப்பா அம்மா ரெண்டு பேருக்கு ஸயான் கேட்லயே எக்ஸ்ட்ரா 200 டாலர். செடோனா நேஷனல் பார்க் இல்ல, ஃபாரஸ்ட் நிலம், அங்க காருக்கு ரெட் ராக் பாஸ் ஒரு நாளைக்கு 5 டாலர், வாரத்துக்கு 15, அவ்வளவுதான். சில இடத்துல மட்டும் தனியா பார்க்கிங் காசு வாங்குவாங்க, வெஸ்ட் ஃபோர்க் அதுல ஒண்ணு. செடோனாவோட கிராண்ட் கேன்யனும் போறவங்க, எப்படியும் போவீங்க, ரெண்டு மணி நேரம்தான, இந்தக் கணக்க போட்டுட்டு ஸயானையும் சேக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்ணுங்க.

அமெரிக்காவுல யாரும் இல்ல, விசா இன்டர்வியூ வரிசையில நிக்கப் பொறுமை இல்லன்னா வாடி ரம். கோயம்புத்தூர்ல இருந்து ஷார்ஜா, அங்கருந்து அம்மான். ஜோர்டான் பாஸ் 70 தினார்ல ஆரம்பிக்குது, பெட்ரான்னு பாறைய குடைஞ்சு கட்டுன பழைய நகரம், வாடி ரம் ரெண்டும் அதுல அடங்கும், மூணு ராத்திரி தங்குனா விசா கட்டணமும் கிடையாது, பெட்ரா ஒரு நாள் டிக்கெட்டே 50 தினார்னு பாத்தா இது லாபம். உண்மையான பாலைவனம் வேணும்னா மூணுல இது ஒண்ணுதான், செடோனாவுல சுத்தி மரம் மட்டை எல்லாம் இருக்கும், இங்க மணலும் பாறையும் மட்டும். பெதுயின்னு சொல்ற பாலைவன நாடோடிங்க கேம்ப்ல படுத்தா நட்சத்திரம் தலைக்கு மேல கொட்டிக் கிடக்குமாம். சாப்பாடு ஜர்ப்னு மணலுக்கு அடியில குழி தோண்டி வேக வச்ச கறி, காய்கறி, சோறு, அசைவம் சாப்புடுறவங்களுக்குக் கொண்டாட்டம். டீ மட்டும் நம்மாளுக்கு ஒத்து வராது, பால் கிடையாது, சக்கரை அள்ளிப் போட்டு ஏதோ தழை வாசத்தோட குடுப்பாங்க, "நம்ம ஊரு டிகாஷன் தூள் ஒரு பாக்கெட் எடுத்துட்டுப் போயிருக்கணும்டா"ன்னு ஃப்ரெண்டு சொன்னான். இலைக் கலர் சுத்தமா கிடையாது, ஜீப்ல குலுக்கிக் குலுக்கி கூட்டிட்டுப் போவாங்க, இடுப்பு வலிக்காரங்க யோசிக்கணும். போறதா இருந்தா அக்டோபர்லயே போயிருங்க, நவம்பர்ல அங்கயும் மழை ஆரம்பிக்கும், 2018 நவம்பர்ல பெட்ராவுல திடீர் வெள்ளம் வந்து ஆயிரக்கணக்குல டூரிஸ்ட்ட வெளியேத்துனாங்க.

பாஸ்போர்ட்டே இல்லன்னு சொல்றவங்களுக்கு பாதாமி இருக்கு. பாலைவனம் இல்ல, ஆனா செவப்பு மணற்பாறை அசல், 6ஆம் நூற்றாண்டுல சாளுக்கியர் குடைஞ்ச குகைக் கோயில், கீழ அகஸ்தியர் குளம். ஹூப்ளி வரைக்கும் ட்ரெயின், அப்புறம் பஸ்ஸு. நவம்பர் கடைசியில போனா வெயிலும் தாங்கும். குரங்கு மட்டும் ஜாஸ்தி, நம்ம ஊரு சிம்ஸ் பார்க் குரங்கெல்லாம் அதுங்க கிட்ட டியூஷன் போகணும், பையில பொரி வச்சுருந்தா உள்ள நுழையறதுக்கு முன்னாடியே தின்னு முடிச்சுருங்க.