கெளுத்தித் தொட்டிக்கு எந்தத் தீனி? பெல்லட், புழு, சென்னாக்குன்னி, சுரைக்காய்: ஓர் ஒப்பீட்டு அலசல்

வண்ண மீன் கடையில் கெளுத்தி வாங்கினால் கூடவே ஓர் அறிவுரையும் வரும்: "இதுக்குத் தனியா தீனி வேணாம்ங்க, அடியில கிடக்கிறதைத் தின்னுக்கும்." இதை நம்பி வளர்த்த வீடுகளில் மெலிந்து மெலிந்து செத்த சக்கர் மீன்கள் (கண்ணாடியில் வாயால் ஒட்டும் கெளுத்தி) ஏராளம். தொட்டி சுத்தம் செய்யும் கருவியாகக் கெளுத்தியைப் பார்ப்பதை முதலில் விட்டுவிட வேண்டும். அதற்கும் பசி உண்டு, அதற்கென்று தீனியும் வேண்டும்.

எந்தத் தீனி நல்லது என்பது எந்த மீன் என்பதைப் பொறுத்தது. கோரி என்ற சின்னக் கெளுத்தி தென்னமெரிக்க ஆறுகளின் மீன். மீசையால் மணலைத் துழாவி பூச்சிக் குஞ்சுகளையும் புழுக்களையும் பொறுக்கும். சக்கருக்கும் அதன் உறவான புஷ்ஷிநோஸுக்கும் குடல் நீளம். பாசியையும் ஊறிய இலையையும் மரத்தையும் சுரண்டித் தின்றே பழகியவை. நம் வாய்க்காலில் பிடித்து வரும் நாட்டுக் கெளுத்தி பூச்சி, இறால், சின்ன மீன் எல்லாம் தின்னும். இரவில் பக்கத்தில் இருக்கும் நியான் டெட்ரா போன்ற சின்ன வண்ண மீனையும் விடாது. ஒரே டப்பாவால் மூன்று வயிற்றையும் நிரப்ப முடியாது.

காய்ந்த தீனிகளில் மிதக்கும் செதில் தீனியைச் சீக்கிரம் தள்ளிவிடலாம். மேலே உள்ள மீன்கள் காலி செய்த பிறகு அடிக்கு வருவது தூள்தான். அடியில் மூழ்கும் உருண்டைத் தீனியான பெல்லட்டே அன்றாடத் தீனிக்கு என் தேர்வு. டப்பாவின் பின்பக்கத்தைப் படித்து வாங்குங்கள்: முதல் பொருள் மீன் தூளோ இறால் தூளோ என்றால் கோரிக்கும் நாட்டுக் கெளுத்திக்கும் சரி. கோதுமை மாவு முதலில் இருந்தால் வேண்டாம். பாசி வேஃபர் என்று விற்பதிலும் சில மாவு வில்லைகள்தான், ஸ்பைருலினா என்ற பாசி கடைசி வரியில் ஒளிந்திருக்கும்.

காவிரி டெல்டாவில் எழும் கேள்வி ஒன்று: பண்ணைத் தீனியைப் போடலாமா? மீன் பண்ணைக்கான மிதக்கும் தீனி விலை மலிவு. ஆனால் வளர்ப்பு மீன் சீக்கிரம் எடை போடச் செய்ததை, மிதக்கும் உருண்டையைத் தேடி மேலே வராத கோரிக்குப் போட்டு என்ன பயன்? நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் வெனாமி இறால் பண்ணைகளில் போடும் தீனி வேறு ரகம். இறால் மெதுவாகக் கொறிக்கும் என்பதால் அது மூழ்கும், சீக்கிரம் கரையாது, புரதமும் ஏறத்தாழ 35 சதவீதம். நாட்டுக் கெளுத்திக்கு இது மோசமில்லை. மூட்டையைப் பிரித்து மாதக்கணக்கில் வைத்திருந்ததை மட்டும் வாங்காதீர்கள். நம்மூர் ஈரக்காற்றில் தீனி பூஞ்சை பிடிக்கும், கொழுப்பு சிக்கு வாடை அடிக்கும், வைட்டமின் சி போய்விடும். கடையில் லூசாக நிறுத்துத் தரும் பெல்லட்டுக்கும் இதே குறை. சின்ன டப்பாவே மேல்.

அடுத்தது உயிர்த் தீனி. போட்டி இங்கேதான் கடுமை.

ட்யூபிஃபெக்ஸ் புழுவை மீன்கள் பைத்தியமாகத் தின்னும் என்பது உண்மை. அது வளரும் இடம் சாக்கடைச் சேறு என்பதும் உண்மை. நாள் கணக்கில் ஓடும் நீரில் கழுவினாலும் உடலுக்குள் சேர்ந்த நஞ்சும் கிருமியும் முழுதாகப் போகாது. நான் இதை எந்தத் தொட்டிக்கும் சொல்ல மாட்டேன். பிளட்வார்ம், அதாவது கொசு போன்ற ஒரு பூச்சியின் சிவப்புக் குஞ்சு, அடுத்த படி. உறைய வைத்த கட்டியாக வாங்கினால் ட்யூபிஃபெக்ஸைவிடப் பெரிதும் பாதுகாப்பு. கோரிக்கு இயற்கையில் கிடைக்கும் உணவுக்கு மிக நெருக்கமும் இதுதான். ஆனால் உறைந்தது உருகினால் மறுபடி உறைய வைக்கக் கூடாது. 2018 கஜா புயலுக்குப் பிறகு கரண்ட் இல்லாமல் நாள்கள் ஓடிய ஊர்களில் ஃப்ரீசரை நம்பியிருக்க முடியுமா? உலர்த்திய பிளட்வார்மின் தூள் சிலருக்குக் கையில் அரிப்பும் மூச்சுத் தொந்தரவும் தரும் என்பதால் குழந்தைகளிடம் கொடுக்காமல் இருப்பது நல்லது.

இவை எல்லாவற்றையும் தோற்கடிப்பது மண்புழு. உலர் எடையில் பாதிக்கு மேல் புரதம், காசு கிடையாது, பூந்தொட்டியிலேயே வளரும். ஆனால் எந்தப் புழு என்று பார்க்க வேண்டும். உரக்குழியில் விடும் ஐசீனியா ஃபெடிடா, உடலில் சிவப்பும் மஞ்சளுமாகப் பட்டை உள்ளது, தொட்டால் நாற்றமடிக்கும் மஞ்சள் நீரைக் கக்கும். பல மீன்கள் வாயில் வைத்துத் துப்பிவிடும். அதே உரக்குழியில் இருக்கும் ஆப்பிரிக்கப் புழு யூட்ரிலஸை மீன்கள் விரும்பித் தின்னும். வயல் வரப்பில் தோண்டிய புழுவோ, வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்து குறுவை தொடங்கிய பிறகு எந்தக் கணக்கிலும் வேண்டாம். குருணைப் பூச்சி மருந்து போட்ட மண் அது. பிடித்த புழுவை ஒரு நாள் ஈரக் காகிதத்தில் வைத்தால் வயிற்று மண் போய்விடும். பிறகு கழுவி, மீனின் வாய்க்கேற்ப நறுக்கிப் போடலாம்.

கடல் பக்கத்துப் போட்டியாளர் சென்னாக்குன்னி என்ற பொடி இறால். ஓட்டோடு தின்பதால் நார்ச்சத்தும் கால்சியமும் கிடைக்கும், நாட்டுக் கெளுத்திக்கு அருமையான மாற்றுத் தீனி. உப்புப் போடாமல் காய்ந்ததா என்று கேட்டு வாங்கி, மண்ணை அலசி ஊற வைத்துப் போடுங்கள். உப்புக் கருவாடு வேண்டவே வேண்டாம். பச்சை இறாலை எப்போதாவது போடலாம், அதையே தினமும் போட்டால் அதிலுள்ள தயமினேஸ் நொதி வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். கோழி, ஆட்டு இறைச்சியின் கொழுப்பை மீன் சரியாகச் செரிக்காது.

சக்கருக்கும் புஷ்ஷிநோஸுக்கும் கணக்கே வேறு. புழுவைவிட இவற்றுக்குக் காய்தான் முக்கியம். சுரைக்காய், பீர்க்கங்காய், வெள்ளரி மூன்றிலும் தண்ணீரே அதிகம். நார் கிடைக்கும், சத்து குறைவு. மஞ்சள் பூசணியும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் அவற்றைவிடக் கெட்டி. தோல் உரித்த பச்சைப் பட்டாணியும் நல்லது. கொதிநீரில் லேசாக வேக வைத்தால் மூழ்கும். சுரைக்காயை முன்பே நுனியில் கொஞ்சம் நாக்கில் வைத்துப் பாருங்கள், கசந்தால் மீனுக்கும் வேண்டாம். கல்லில் கட்டி இரவில் விட்டு, காலையில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். தொட்டிக்குள் ஒரு மரக்கட்டையும், தெருவில் உதிரும் வாதாங்கொட்டை மரத்தின் காய்ந்த இலை ஒன்றிரண்டும் எப்போதும் கிடக்கட்டும். தண்ணீர் லேசாகப் பழுப்பேறும், பயப்பட ஒன்றுமில்லை.

கோயில் குளத்து மீன்களுக்குப் பொரி போட்டுப் பழகிய கை வீட்டுத் தொட்டியிலும் பொரியையும் சோற்றுப் பருக்கையையும் தூவும். குளத்தின் விரிவு தொட்டிக்கு இல்லை. அது ஒரே ராத்திரியில் புளித்துத் தண்ணீரைக் கெடுக்கும்.

ஆக, கோரிக்கு மூழ்கும் பெல்லட் அடிப்படை, வாரம் இரண்டு முறை மண்புழுவோ பிளட்வார்மோ. நாட்டுக் கெளுத்திக்கு அதே பெல்லட்டுடன் சென்னாக்குன்னி. சக்கருக்கு ஸ்பைருலினா உண்மையிலேயே முதலில் வரும் வேஃபரும் ஏதேனும் ஒரு காயும், புழு மாதத்தில் எப்போதாவது. எல்லாவற்றுக்கும் விளக்கணைத்த பிறகு, வாரம் ஒரு நாள் விரதத்தோடு. அளவு சரியா என்பதைச் சக்கர் கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது அடிவயிற்றைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்: தட்டையாகவோ லேசாகப் புடைத்தோ இருந்தால் போதும், உள்ளே குழிந்திருந்தால் அன்றிரவே கூடுதலாக ஒரு வேஃபர்.