மாற்றும் பேட்டரியா, சொந்த பேட்டரியா? ஓசூர் ஷேர் ஆட்டோ கணக்கு

ஓசூர் பஸ் நிலையத்திலிருந்து சிப்காட்டுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். டீசல் வண்டியை விற்று மின்சார வண்டிக்கு மாறி ஒன்றரை ஆண்டு ஆகிறது. வாங்கும்போது இரண்டு வழி இருந்தது. வண்டியோடு வரும் பேட்டரியை வீட்டில் சார்ஜ் போடுவது ஒன்று. பேட்டரி இல்லாமல் வண்டியை மட்டும் வாங்கி, சார்ஜ் தீரத் தீர கம்பெனியின் பேட்டரி மாற்றும் நிலையத்தில் வேறு பேட்டரி மாற்றிக்கொள்வது இன்னொன்று. நான் முதலாவதை எடுத்தேன், என் மச்சான் இரண்டாவதை எடுத்தார்.

மாற்றும் பேட்டரியின் சௌகரியம் எல்லோருக்கும் தெரிந்ததே. முன்பணம் குறைவு, இரண்டு நிமிடத்தில் வண்டி கிளம்பிவிடும். ஏழு யூனிட் சொச்சம் கொள்ளும் என் பேட்டரி நிரம்ப நான்கு மணி நேரம் ஆகிறது. இரவில் வாசலோரம் பதினைந்து ஆம்பியர் பிளக்கில் மாட்டிவிடுவேன், காலை ஷிப்டுக்குத் தயாராகிவிடும். மதியம் சாப்பிட வரும்போது மட்டும் உடனே மாட்டுவதில்லை. வேப்பமர நிழலில் நிறுத்தி, பின்சீட்டுக்கு அடியில் கைவைத்துப் பார்த்து, சூடு தணிந்த பிறகே மாட்டுவேன். லித்தியம் பேட்டரியின் ஆயுளைத் தின்பது சூடுதான். ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரின் குளிர்ச்சி எனக்குக் கைகொடுக்கிறது. கிருஷ்ணகிரி சித்திரை வெயிலிலும் இப்படியே உழைக்கும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன்.

என் முடிவு சரிதான் என்று காட்டியது மறுவிற்பனை. மச்சான் வண்டியை விற்கப் பார்த்தபோது தர்மபுரியிலிருந்து ஒருவர் வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "பேட்டரி உங்களுடையதா, கம்பெனியுடையதா?" கம்பெனியுடையது என்றதும் விலைகூடக் கேட்காமல் திரும்பிவிட்டார். அந்த வண்டியில் அந்தக் கம்பெனியின் பெட்டி மட்டுமே பொருந்தும். அவர்கள் நிலையம் இல்லாத ஊரில் வண்டி நகராது. பேட்டரிகளும் வண்டிகளும் ஒன்றுக்கொன்று பொருந்த வழிசெய்யும் நோக்கில் 2022 ஏப்ரலில் நிதி ஆயோக் வரைவுக் கொள்கை வெளியிட்டது. மச்சான் வண்டிக்கு அதனால் பலன் ஒன்றும் இல்லை.

மெட்ரோவிலும் இதே கதைதான். பொம்மசந்திரா வரை வந்துவிட்ட பெங்களூரு மெட்ரோ, பக்கத்தில் ஓடும் மூன்றாவது தண்டவாளத்திலிருந்து 750 வோல்ட் நேர்மின்சாரம் எடுக்கிறது. சென்னை மெட்ரோ மேலே கட்டிய கம்பியிலிருந்து 25,000 வோல்ட் மாறுமின்சாரம் எடுக்கிறது. ஒன்றில் ஓடும் ரயில் மற்றதில் அப்படியே ஓடாது. பொம்மசந்திராவிலிருந்து ஓசூருக்கு மெட்ரோவை நீட்டும் பேச்சில் இது பெரிய முட்டுக்கட்டை.

சொந்த பேட்டரியும் தேயத்தான் செய்யும். ஆனால் அந்தத் தேய்மானத்தைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று தினமும் நோட்டில் எழுதுகிறேன். தொடக்கத்தில் 108, இப்போது 103. வாங்க வருகிறவரிடம் அந்த நோட்டையும் வாரண்டி அட்டையையும் நீட்ட முடியும். ஐந்தாம் ஆண்டில் அந்த எண் எங்கே நிற்கும் என்பதை ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

மச்சான் இருப்பது வாடகை வீடு. பிளக் வைக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை, அதனால் அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. அந்த நிலையில் இருப்பவர்கள் பணம் கட்டும் முன், மாலை ஐந்தரைக்கு ஷிப்டு விடும் நேரத்தில் அந்த நிலையத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். நிரம்பிய பேட்டரி ஒன்றுகூட இல்லாமல், ஏற்றிய ஏழு பேரையும் மச்சான் நடுவழியில் இறக்கிவிட்டது அந்த நேரத்தில்தான்.