மேக்ஸ்-மின் தெர்மாமீட்டர்: குளிருக்கு முன்னால் வாங்கி மாட்ட வேண்டிய பொருள்

இந்த வருட இலையுதிர்காலம் எதற்கும் பிடி கொடுக்கவில்லை. இலைகள் உதிர வேண்டிய நேரத்தில் பச்சையாகவே நின்றன. உதிரத் தொடங்கியபோதும் சிவக்காமல் பழுப்பேறி விழுந்தன. ஆப்பிள் மரத்தில் ஒரே ஒரு கிளை மறுபடியும் பூத்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலியோரப் புதரைக் காட்டி, "பழம் இப்படிக் கொத்துக் கொத்தா தொங்குதுன்னா குளிர் கடுமையா வரும்மா, செடியெல்லாம் மூடி வை" என்றார். செல்போனோ மிதமான குளிர்காலம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. என் தோட்டத்தில் ராத்திரி என்ன நடக்கிறது என்று நானே தெரிந்துகொள்ளத்தான் இந்தத் தெர்மாமீட்டரை வாங்கினேன்.

ஒரு நாளின் உச்ச வெப்பத்தையும் கடைசிக் குளிரையும் குறித்துவைக்கும் கருவி இது, பேட்டரி இல்லாத பழைய வகை. ஜேம்ஸ் சிக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1782-இல் வெளியிட்ட அதே அமைப்பு: யு வடிவக் கண்ணாடிக் குழாய், அதற்குள் நகரும் திரவம், இரண்டு பக்கமும் ஒவ்வொரு சின்னக் குறி. திரவம் தள்ளிக்கொண்டு போன இடத்திலேயே குறி நின்றுவிடும். காலையில் போய்ப் பார்த்தால் வலப்பக்கம் நேற்றைய உச்ச வெப்பம், இடப்பக்கம் ராத்திரியின் கடைசிக் குளிர். இடப்பக்க அளவுகோல் தலைகீழாக இருக்கும், மேலே போகப் போகக் குளிர் அதிகம். குறியின் கீழ் நுனியைத்தான் படிக்க வேண்டும். படித்த பிறகு பொத்தானை அழுத்தினால் இரண்டு குறியும் இறங்கித் திரவத்தின் மேல் வந்து உட்காரும், அவ்வளவுதான். பழைய மாடல்களில் பாதரசம் இருக்கும். நான் பாதரசம் இல்லாததைத்தான் எடுத்தேன், நீங்களும் அதையே எடுங்கள்.

பார்சலில் வந்தபோது திரவம் நடுவில் அறுந்து இடைவெளி விட்டிருந்தது. நிமிர்த்திப் பிடித்து, கையை வீசிக் கீழ்நோக்கி நாலு உதறு உதறியதும் சேர்ந்துவிட்டது. சேர்ந்ததா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு: இரண்டு பக்கத் திரவமும் அந்த நேரத்து வெப்பநிலையை ஒரே எண்ணாகக் காட்ட வேண்டும். எனக்கு வந்ததில் ஒரு டிகிரிக்கும் குறைவான வித்தியாசம்தான். எண்கள்தான் ரொம்பப் பொடி. விடியற்காலையில் டார்ச் அடித்தால் கண்ணாடி பளபளத்து இன்னும் சிரமம். காற்றில் பலகை ஆடினால் குறி நழுவுகிறது, அதனால் இரண்டு திருகு போட்டு அசையாமல் முடுக்கிவிட வேண்டும்.

சரி, இது என்ன சொல்லிக்கொடுத்தது? இலை ஏன் சிவக்கவில்லை என்பதை முதலில் சொன்னது. சிவப்பு நிறமி இலையில் நன்றாக ஊற, பகலில் வெயிலும் ராத்திரியில் குளிரும் வேண்டும். என் நோட்டில் இரண்டு குறிகளுக்கும் நடுவே இடைவெளியே சுருங்கிக் கிடந்தது. பகல் சுமார்தான், மேகம் மூடிய ராத்திரிகள்தான் ஆறவே இல்லை. பகல் வெப்பத்தை மட்டும் பேசும் செய்திகளில் இது தெரியாது.

அப்புறம், குளிர் எப்படி வரும் என்று இயற்கையில் பார்க்கும் அறிகுறிகள். பெரியவர் மேல் எனக்கு மரியாதை உண்டு, அவர் கவனிப்பது எதுவும் பொய்யில்லை. ஆனால் புதரில் பழம் குவிவது வசந்தத்தில் பூ கருகாமல் பிடித்ததற்கும் கோடையில் மழை கிடைத்ததற்கும் சாட்சி, வரப்போகும் மாதங்களுக்கு அல்ல. வட அமெரிக்காவில் கம்பளிப் புழுவின் பழுப்புப் பட்டை அகலமாக இருந்தால் குளிர் லேசு என்பார்கள். 1948-இல் ஹோவர்ட் கரன் என்ற பூச்சியியலாளர் நியூயார்க் பக்கம் மலைக்குப் போய்ப் புழுக்களைப் பிடித்து அளந்ததிலிருந்து அது இன்னும் பிரபலம். ஆனால் புழு வளர வளர அந்தப் பட்டை அகலமாகிக்கொண்டே போகும். அதாவது, அதுவும் கடந்த பருவத்தின் கணக்கு. மறுபடி பூத்த கிளையும் அப்படித்தான்: 2018 அக்டோபரில் ஜப்பானில் புயல் இலைகளை உருவிவிட்ட செர்ரி மரங்கள் பூத்தன. மொட்டைத் தூங்கவைக்கும் இலை போய்விட்டது, இதமான நாளும் வந்தது, மொட்டு விழித்துவிட்டது.

அருகில் இருப்பதைச் சொல்லும் அறிகுறிகள் வேறு ரகம். எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை என்கிறோமே, அந்த மாதிரி ஒரு நாள், அரை நாள் கணக்கு. வானம் துடைத்துவிட்டதுபோல் நட்சத்திரம் தெளிந்த ராத்திரி, காற்றும் அடங்கிவிட்டால், மறுநாள் இடப்பக்கக் குறி சட்டென்று மேலேறி நிற்கும். நிலாவைச் சுற்றி வட்டம் கட்டினால் மேகம் வந்து மூடும், குறி கொஞ்சம்தான் நகரும். குளிரக் குளிரச் சில்வண்டின் சத்தம் மெதுவாகும், அதையும் இதில் ஒத்துப் பார்க்கலாம். இந்த அறிகுறிகளை நான் இப்போது முழுதாக நம்புகிறேன், தெர்மாமீட்டர் பக்கத்தில் இருப்பதால்.

ஒரு காலையில் குறி 3 டிகிரியில் நின்றது, புல்லிலோ வெள்ளையாக உறைபனி. கருவியில் கோளாறு இல்லை. தெளிந்த ராத்திரியில் புல் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, மேலே இருக்கும் காற்றைவிட அதிகம் குளிர்ந்துவிடும். கருவி என் தலை உயரத்தில் இருந்தது. செடிகளைக் காப்பாற்றுவதுதான் உங்கள் நோக்கம் என்றால் இரண்டு வாங்கி, ஒன்றைப் புல்லை ஒட்டி வையுங்கள்.

வெயில் நேராகப் படாத, காற்று புழங்கும் மரக்கம்பத்தில் மாட்டுங்கள். மாடிவீட்டுக் கான்கிரீட் சுவரில் மாட்ட மட்டும்தான் இடம் என்றால் இது வேண்டாம். பகலில் சூடேறிய சுவர் ராத்திரியெல்லாம் வெப்பத்தை விடும், எண் ஏறியே காட்டும். அப்படி இடம் உள்ளவர்களுக்கு வெளியே தொங்கவிடும் சென்சார் உள்ள டிஜிட்டல்தான் சரி.