வேங்கை மர டம்ளர்: மூன்று மாதம் குடித்துப் பார்த்ததில்

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வந்து ஆறு வருடம். போன தை மாதம் கோவையில் ஒரு கண்காட்சியில் வேங்கை மர டம்ளரைப் பார்த்ததும் அவருக்குக் கால் நகரவில்லை. இதில் ஊறிய தண்ணீரைக் குடித்தால் சர்க்கரை குறையும் என்றார் கடைக்காரர். 350 ரூபாய் சொன்னார்கள், பேசி 300-க்கு வாங்கினோம்.

இரவு தண்ணீர் ஊற்றி மூடி வைத்து, காலையில் வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். முதல் நாள் தண்ணீர் கட்டங்காப்பி நிறத்தில் இறங்கியிருந்தது. கண்ணாடி கிளாஸில் ஊற்றி ஜன்னல் வெயிலில் பிடித்தேன். ஓரத்தில் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு நீலம் மினுங்கியது! அதைப் பார்த்தே நானும் ஒரு வாய் குடித்தேன். பாக்கு மென்ற மாதிரி துவர்ப்பு, வேறு ஒன்றும் இல்லை.

அத்தைக்குத்தான் சிரிப்பு. "என்ன கண்ணு, குழந்தைக்குப் பொட்டு வைக்கிற மரத்தையா குடிக்கிறீங்க?" என்றார். வேங்கைப் பட்டையைக் கீறினால் ரத்தம் போல வடியும் பாலைக் காய்ச்சித்தான் அவர் காலத்தில் பொட்டு வைத்தார்களாம்.

45 நாள் உழைக்கும் என்றார் கடைக்காரர். 25 நாளிலேயே நிறம் வெளுத்துவிட்டது. உட்புறத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் இன்னும் பத்து நாள் ஓடியது. அடுத்ததை ஆன்லைனில் வாங்கினேன், அது சுத்த மோசம். தண்ணீர் ஊற்றிப் பத்தே நிமிடத்தில் குங்குமச் சிவப்பு, நீலம் மருந்துக்கும் இல்லை, அடியில் மயிரிழை விரிசல் வேறு. திருப்பி அனுப்பிவிட்டு, முதலில் வாங்கிய கடைக்காரரிடமே போன் போட்டு இன்னொன்று வரவழைத்தேன்.

சரி, சர்க்கரை குறைந்ததா? மூன்றாவது வாரம் இவர் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். வெறும் வயிற்றில் 138 இருந்தது 212-க்குப் போய் நின்றது. டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு மறுபடி மாத்திரை. மூன்றாம் மாதம் 131. சாயங்கால பஜ்ஜியையும் அந்தச் சமயத்தில் விட்டிருந்தார், அதனால் டம்ளருக்குப் பாராட்டுப் பத்திரம் எழுத எனக்கு மனசு வரவில்லை.

எங்களுக்குத் தெரிந்த ஆயுர்வேத மருத்துவர் மரத்தை மட்டம் தட்டவில்லை. வடமொழியில் இதற்கு அசனம் என்று பெயர். அஷ்டாங்க ஹிருதயம் என்ற பழைய ஆயுர்வேத நூலில் 'அசனாதி கணம்' என்ற மருந்துக் கூட்டமே இந்த மரத்தின் பெயரில்தான் தொடங்குகிறதாம். பிரமேகத்துக்கும் (சர்க்கரை நோயும் இதில் அடக்கம்) தோல் நோய்க்கும் அதைச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் தருவது மரத்தின் நடுவில் இருக்கும் வைரக்கட்டையைக் காய்ச்சிய கஷாயம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாகச் சர்க்கரை வந்த 97 பேரில் 67 பேருக்கு 12 வாரத்தில் கட்டுக்குள் வந்திருக்கிறது. அதிலும் கொடுத்தது அளந்த சாறு. மருந்து எடுக்காதவர்களை வைத்து ஒப்பிட்டும் பார்க்கவில்லை. டம்ளரில் ஊறும் தண்ணீருக்கு ஏது அளவு? முதல் வாரம் கட்டங்காப்பி, நாலாவது வாரம் வெறும் தண்ணீர்.

பொருளுக்கு ஐந்தில் மூன்று. கடைக்காரர் சொன்ன "மாத்திரையே வேண்டாம்மா"வுக்குப் பூஜ்யம். வாங்குகிறவர்கள் அந்த நீலம் தெரிகிறதா என்று வெயிலில் பார்த்துவிட்டு வாங்குங்கள், மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். சாரம் போன முதல் டம்ளர் இப்போது அத்தையின் தலைமாட்டில், பாக்கு வெட்டியும் சுண்ணாம்பு டப்பாவுமாக இருக்கிறது.