மேல்மூடி மாற்றக் கொடுத்தேன், கேமராவே மாறி வந்தது

பழைய பிலிம் கேமராவைப் புதிது போல ஆக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். டெல்டா மாவட்டங்களில் இந்த வேலை தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் நான் ஏமாந்தேன். கடையின் பெயரைப் போடவில்லை. என்னிடம் ரசீது கிடையாது. ரசீது இல்லாமல் பெயரைச் சொன்னால் வழக்கு என் மேல்தான் வரும்.

கேமரா என் அப்பாவுடையது. நிக்கான் எஃப்எம்2, கறுப்பு நிறம். 1986இல் சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா கொண்டுவந்தது. கும்பகோணத்தில் அப்பா ஸ்டூடியோ நடத்திய காலமெல்லாம் கல்யாணம், காதுகுத்து, தேரோட்டம் அனைத்தும் அதில்தான். அதற்குள் இருக்கும் இரண்டு பொத்தான் பேட்டரிகளும் வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானிக்கு மட்டுமே. பேட்டரி செத்தாலும் 1/4000 நொடி வரை ஷட்டர் தன்பாட்டுக்கு ஓடும். முகூர்த்த நேரத்தில் கைவிடாத கேமரா என்பார் அப்பா.

அதன் மேல்மூடியின், அதாவது கேமராவின் உச்சியை மூடும் தகட்டின், இடது மூலையில் ஓர் ஒடுக்கு. 1992 பிப்ரவரி 18, மகாமகம். நெரிசலில் பலர் உயிரிழந்த அந்தக் காலையில் அப்பாவும் குளக்கரையில்தான் இருந்தார். கூட்டம் தள்ளியதில் கேமரா அவருக்கும் ஓர் இரும்புக் கம்பிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்தவர் அன்றைய பிலிமைக் கழுவவே இல்லை. ஒடுக்கையும் எடுக்கவில்லை.

இதெல்லாம் தெரிந்தும் நான் ஏன் அதை மாற்றக் கொடுத்தேன்? வெட்கத்தோடுதான் சொல்கிறேன், எனக்குப் பளபளப்புப் பைத்தியம். வாங்கிய எந்தக் கேமராவின் பெட்டியையும் தூக்கிப் போட்டதில்லை. திரைக்கு ஒட்டும் தாள், லென்சுக்கு முன் ஒரு கண்ணாடி, பைக்குள் இன்னொரு பை. உள்ளே கடுகளவு தூசி தெரிந்ததற்காக நல்ல லென்ஸ் ஒன்றை வந்த விலைக்குத் தள்ளியிருக்கிறேன். படத்தில் அந்தத் தூசி ஒருநாளும் தெரிந்ததில்லை. பழைய கேமரா வாங்கி விற்பவர்களுக்கும் இதே நோய்தான். ‘ஒரே கை, பெட்டி பில் உண்டு, ஒரு கீறல் இல்லை’ என்பார்கள். எடுத்த படம் எப்படி என்று ஒருவரும் கேட்பதில்லை.

அப்பாவின் சதாபிஷேகம் திருக்கடையூரில் நடக்க இருந்தது. உறவெல்லாம் கூடும் இடத்தில் அந்தக் கேமராவைப் புத்தம் புதிதாக அவர் கையில் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவரிடம் கேட்கவில்லை.

கடைக்காரர் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்மூடியைத் திறந்து உள்ளேயும் நெடுநேரம் பார்த்தார். மேல்மூடியில்தானே வேலை, உள்ளே என்ன பார்வை என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். “கை படாத ஜப்பான் மூடி ஒன்று இருக்கிறது சார், உங்கள் நல்ல நேரம்” என்றார். 6,500 ரூபாய், மூன்று வாரம். 4,000 முன்பணம் கொடுத்தேன். விசிட்டிங் கார்டின் பின்னால் 6,500 எழுதி, 4,000 கழித்து, 2,500 என்று கோடு போட்டுத் தந்தார். ரசீது என்று என்னிடம் இருப்பது அதுதான். பழைய மூடியைத் திருப்பித் தருவீர்களா என்று கேட்டதற்கு, “அந்தத் தகரம் உங்களுக்கு எதற்கு சார்?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

மூன்று வாரம் ஏழு வாரமானது. வந்த கேமரா கண்ணாடி போல இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

திருக்கடையூரில் ஹோமம் முடிந்து சாப்பாட்டுக்கு முன் அப்பாவிடம் நீட்டினேன். வாங்கியதும் அவருடைய கட்டைவிரல் இடது மூலைக்குப் போய் அங்கேயே நின்றது. ஒன்றும் சொல்லாமல் பிலிம் சுற்றும் குமிழை இழுத்துப் பின்மூடியைத் திறந்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, “தேன்கூடு எங்கே தம்பி?” என்றார்.

தேன்கூடு என்று அவர் கேட்டது, பிலிமுக்கு முன்னால் திறந்து மூடும் ஷட்டர் தகடுகளை. ஆரம்ப கால எஃப்எம்2வில் ஷட்டர் தகடுகள் டைட்டானியம். எடை குறைக்க அவற்றில் தேன்கூடு போல வரி பதித்திருப்பார்கள். ‘விரலை வைத்தால் கையை ஒடிப்பேன்’ என்று சிறுவயதில் எனக்குக் காட்டி மிரட்டிய இடம் அது. பிற்பாடு நிக்கான் வழுவழுப்பான அலுமினியத் தகடுகளுக்கு மாறிவிட்டது. எங்கள் கையில் இருந்தது வழுவழுப்பான தகடு.

அப்பா அடுத்து எண்ணைப் பார்த்தார். எஃப்எம்2 1982இல் வந்தது; 1984இல் திருத்திய வடிவம் வந்தது. முன்பக்கம் இரண்டிலும் ஒரே பெயர்தான். திருத்திய வடிவத்தில் பின்புறத்து வரிசை எண்ணுக்கு முன்னால் ‘என்’ என்ற ஆங்கில எழுத்து இருக்கும், ஷட்டர் வேகத்தை வைக்கும் குமிழில் பிளாஷுக்கான 250 சிவப்பில் இருக்கும். முந்தையதில் பிளாஷுக்கு 200தான். எங்கள் கையில் இருந்ததிலோ குமிழில் சிவப்பு 250. எண்ணில் ‘என்’ இல்லை. மூடி 1984க்கு முந்தைய கேமராவுடையது, உள்ளுடம்பு அலுமினியக் காலத்துடையது. எங்கள் 1986 கேமராவிலோ ‘என்’ எழுத்தும் உண்டு, தேன்கூடும் உண்டு. அது இரண்டிலும் இல்லை.

கடைசியாக, பிலிம் உருளை உட்காரும் அறையில் டார்ச் அடித்துப் பார்த்தோம். இரவல் போனால் அடையாளம் தெரிவதற்காக அப்பா அந்தச் சுவரில் ஊசியால் ‘கோ’ என்று கீறி வைத்திருந்தார். அதுவும் இல்லை.

இந்த மோசடியின் சூட்சுமம் இதுதான், கவனியுங்கள். இந்தக் கேமராவில் வரிசை எண் மேல்மூடியில்தான் இருக்கிறது. மூடியை மாற்ற நாமே சம்மதித்துவிட்டால் எண் மாறியதைப் பற்றிக் கேள்வி கேட்க முடியாது. ‘மூடி மாற்றச் சொன்னது நீங்கள்தானே’ என்பார்கள். தேன்கூட்டுத் தகடு உள்ள கேமராவைச் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். ஒடுக்கைப் பார்த்து நான் கூசிக்கொண்டிருந்தபோது கடைக்காரர் உள்ளே இருந்த சரக்கைப் பார்த்துவிட்டார்.

மறுநாளே போனேன். முதலில் மறுத்தார், பிறகு, “ஷட்டர் பழுதாக இருந்தது, உங்களுக்காகத்தான் நல்லது போட்டேன்” என்றார். அதற்குக் காசும் கேட்கவில்லையாம், அவ்வளவு தர்மம்! அறையில் இருந்த ‘கோ’ எங்கே என்றதும் பேச்சை நிறுத்திவிட்டார். குரலை உயர்த்தியதும் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து மேசையில் கவிழ்த்தார். ஏழெட்டு மேல்மூடிகள். அவற்றில் எங்கள் ஒடுக்கு இருந்தது, ‘என்’ எழுத்தோடு. அதை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன். உடம்பு போன இடம் தெரியவில்லை.

நுகர்வோர் உதவி எண் 1915இல் பேசினேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள புகாருக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். ஆனால் எதைக் கொடுத்தேன் என்பதற்கு என்னிடம் என்ன சான்று? நான் செய்யத் தவறியதை நீங்கள் செய்யுங்கள். கொடுப்பதற்கு முன் எண்ணையும், பின்மூடியைத் திறந்து ஷட்டரையும் பிலிம் அறையையும் கைப்பேசியில் படம் எடுங்கள். எண்ணை ரசீதில் எழுதி வாங்குங்கள். கழற்றிய பாகம் தகரமோ தங்கமோ, திரும்ப வர வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள்; முகம் சுளித்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். திரும்பி வந்ததும் திருகாணித் தலைகளைப் பாருங்கள். ஜப்பான் திருகாணியின் வெட்டு சற்று வேறுபட்டது, சாதாரண நட்சத்திரத் திருப்புளி போட்டால் சிதையும். எனக்கு வந்ததில் நான்கு சிதைந்திருந்தன.

ஒளி புகாமல் தடுக்கும் பஞ்சு நம் ஊர் ஈரத்தில் தார் போலப் பிசுபிசுத்துவிடும், அதை மாற்றித்தான் ஆக வேண்டும். லென்சில் ஐப்பசி மழையில் பூஞ்சை பிடித்தால் துடைத்தாக வேண்டும். அவை வேலைகள். நான் கொடுத்தது வேலை அல்ல, வீம்பு.

அப்பா என்னைத் திட்டவில்லை. “இதுவும் எஃப்எம்2தானே” என்று அதிலேயே ஒரு ரோல் போட்டு எடுத்தார். படங்கள் நன்றாகத்தான் வந்திருக்கின்றன. ஒடுக்கு விழுந்த மூடி அவருடைய மேசையில் இருக்கிறது, அதில் மூக்குக்கண்ணாடியை வைக்கிறார்.

சமீபத்தில் தேன்கூட்டு ஷட்டரோடு கறுப்பு எஃப்எம்2 யாராவது வாங்கியிருந்தால், பின்மூடியைத் திறந்து பிலிம் உருளை அறையின் சுவரில் டார்ச் அடித்துப் பாருங்கள். ‘கோ’ என்று கீறல் தெரிந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் கொடுத்த விலையைக் கொடுத்துவிடுகிறேன். மேல்மூடி வேண்டாம், அது எங்களிடம் இருக்கிறது.